படம் ஓடினால் வாசலுக்குப் போய்விடும் அம்மா

"படம் வரலையா, சத்தம் வரலையா, ரெண்டுமே வரலையா?"

கடைக்குள் யார் காலெடுத்து வைத்தாலும் அந்த அம்மா முதலில் கேட்பது இதைத்தான். வாங்க, உட்காருங்க என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் வரிசையாக நாலு கடை. தையல் கடை, பத்திரம் எழுதுகிறவர், டியூசன், கடைசியில் அந்த அம்மாவின் கம்ப்யூட்டர் கடை. நாலையும் கூட்டித் துடைத்து, குடத்தில் தண்ணீர் எடுத்து வைக்கிறது என் வேலை. மற்ற மூன்று கடையிலும் வேலை முடிந்தால் கிளம்பிவிடுவேன். அந்தக் கடையில் மட்டும் மூலையில் கொஞ்ச நேரம் உட்காருவேன். அங்கே மேலே ஒரு காற்றாடி சுற்றும். என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் என்பதும் எனக்குச் சௌகரியம்.

அந்த அம்மா வீரசோழனிலிருந்து பஸ்ஸில் வரும். வரும்போதே களைத்துத்தான் வரும். பையை மேசையில் வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துச் செருகி, அஞ்சு நிமிசம் கண்ணை மூடி உட்காரும். பிறகு ஆள் வர ஆரம்பித்துவிடும்.

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்த புதுசு. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அங்கே பிடித்த வீடியோவை ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் சிடி கொண்டுவருவார்கள். வீட்டில் போட்டால் சத்தம் மட்டும் கேட்கும், திரை கறுப்பாகக் கிடக்கும். இல்லையென்றால் ஆள் வாயை அசைப்பார், சத்தம் வராது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, பெட்டியைப் பெட்சீட்டில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கி வருவார்கள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நிற்பவர்களிடம் அந்த அம்மா சொல்லும்:

"ஒண்ணும் கெடலை. அனுப்புனவுக படத்தை ஒரு மாதிரி மடிச்சு அனுப்பியிருக்காக. ஒங்க பெட்டிக்கு அந்த மடிப்பைப் பிரிக்கத் தெரியலை. பிரிக்கிற ஆளுக்குப் பேரு கோடெக்கு. அந்த ஆளை உள்ள அனுப்பிட்டாப் போதும்."

எந்த மடிப்பு என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நேரமாகும். படத்தின் ஜாதகத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு சின்னக் கட்டம் திரையில் வரும், எல்லாம் இங்கிலீசு எழுத்து. அந்த அம்மா அதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் தேடி எடுத்துப் போடும். ஒன்றுக்கு மேல் போடாது. இதில் சண்டையே வரும்.

"ஏம்மா, எதுத்தாப்ல கடையில அஞ்சே நிமிசத்துல எல்லாத்தையும் மொத்தமாப் போட்டுத் தாரானே. நீங்க என்ன ஒண்ணே ஒண்ணைப் போட்டுட்டு முடிஞ்சதுங்கறீக?" என்று பாலவனத்தத்துக்காரர் ஒருவர் சத்தம் போட்டார்.

"மொத்தமாப் போடுறதுக்குப் பேரு பேக்கு. அம்பது பேரை உள்ள விட்டா, நான் பிரிக்கேன் நீ பிரிக்கேன்னு ஒருத்தனுக்கொருத்தன் இழுப்பான்."

"அதெல்லாம் ஒங்க வாய்ச் சவடாலு."

"அப்ப அங்கயே போயிருக்கலாமேண்ணே. மாடிப்படியாச்சும் மிச்சம்."

அவர் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்து வாங்கிப்போனார்.

இதையெல்லாம் விட அந்த அம்மாவிடம் எனக்குப் புதிராக இருந்தது வேறு. போட வேண்டியதைப் போட்டு முடித்ததும், படம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அந்த அம்மா பார்க்காது. வந்தவர் பக்கம் திரையைத் திருப்பிவைத்து, மவுசை அவர் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க போட்டுப் பாருங்க" என்று எழுந்து வாசலுக்குப் போய்விடும். தெருவைப் பார்த்து நின்றபடியே கேட்கும்.

"ஆளு தெரியுதா?"

"தெரியுதும்மா."

"மொகம் பச்சையா அடிக்குதா?"

"இல்லை, நல்லாத்தான் இருக்கு."

"வாய்க்கும் பேச்சுக்கும் ஒத்துப்போகுதா, முன்னப்பின்ன இருக்கா?"

"பேச்சு கொஞ்சம் பிந்தித்தாம் வருது."

"நிறுத்துங்க, வாரேன்." அவர் நிறுத்திய பிறகுதான் திரும்பும்.

கல்யாண வீடியோ என்றாலும் சரி, காதுகுத்து என்றாலும் சரி, கோயில் திருவிழா என்றாலும் சரி, இதுதான் வழக்கம். வேலை முடிந்ததும், கடை கம்ப்யூட்டரில் எடுத்துப்போட்டதை அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடும். "அழிச்சாச்சு, பாத்துக்கங்க" என்று சொல்லித்தான் அனுப்பும்.

எனக்குக் கேட்கக் கூச்சம். ஒரு வருசம் கழித்துத்தான் கேட்டேன். "ஏம்மா, கொஞ்சம் பாத்தாத்தான் என்னவாம்?"

"பாத்துட்டா, நாளைக்கு அவுகளை பஸ்ஸுல பாக்கையில அது ஞாபகத்துக்கு வரும்க்கா. அவுகளுக்கும் தெரியும், இந்தம்மா பாத்துச்சேன்னு. பெறகு ரெண்டு பேருக்கும் சங்கடம்."

ஒருநாள் நாற்பது வயசு இருக்கும், ஒரு பெண் கையில் சிடியோடு வந்தாள். சத்தம் வரவில்லையாம்.

"யாரு அனுப்புனது?" என்றது அந்த அம்மா.

"எந் தம்பி. துபாய்லருந்து."

"ஒங்களுக்கா?"

"அவன் பொண்டாட்டிக்கு."

"அப்ப அந்தப் புள்ளை வரட்டும்."

"ஏன், நான் பாத்தா ஓடாதாக்கும்?"

"ஓடும். அதுனாலதான் வேணாங்கேன்."

அந்தப் பெண் கீழே தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி ஏசிவிட்டுப் போனாள். பெரிய மவராசி, ஊரு நாயம் பேச வந்துட்டா, இவ கடை விளங்குமா என்றெல்லாம். அந்த அம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. அழுகிறதோ என்று எட்டிப்பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தது.

எல்லா நேரமும் இதமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டரின் எழுத்துப் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன் என்று ஒருநாள் என்னிடம் எரிந்து விழுந்தது. அன்றைக்கு முழுவதும் பேசவில்லை. மறுநாள் உலர்ந்த துணி ஒன்றை என் வாளிக்குள் போட்டுவைத்திருந்தது.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். அவரைப்பற்றி அதிகம் பேசியதில்லை. ஒரு வியாழக்கிழமை கடையில் இருக்கும்போது போன் வந்தது. நின்றபடியே கேட்டது. "சரி" என்றது. மறுபடியும் "சரி" என்றது. பையை எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த காற்றாடியை அணைத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்து, "பூட்டிருங்கக்கா" என்று இறங்கிப் போய்விட்டது. நெஞ்சுவலியில் மவுத்தாகிவிட்டாராம். பிறகு தையல் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். முகத்தைக்கூட அந்த அம்மா பார்க்கவில்லை.

நாலு மாசம் பத்து நாள் கடை பூட்டிக் கிடந்தது. பூட்டின கதவுக்கு முன்னால் தினமும் கூட்டிக்கொண்டுதான் இருந்தேன். புருசன் மவுத்தானால் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து வந்தபோது அந்த அம்மாவின் முகம் பாதியாக இருந்தது. துக்கம் கேட்க வேண்டும் என்று இரண்டு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை. குடத்தில் தண்ணீரை நிறைத்து வைத்தேன், அவ்வளவுதான். சாவிக்கொத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பென்டிரைவ் புதிதாகத் தொங்கியது.

அதே வருசம் வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பிள்ளை. பரளச்சியில் கொடுத்தேன். மாப்பிள்ளை லோடு வண்டி ஓட்டுகிறார். மாமியார் கெட்டவர்கள் இல்லை, சகுனம் பார்க்கிறவர்கள், அவ்வளவுதான். பூனை குறுக்கே போனதற்காக நிச்சயத்தன்றைக்கே ஒருமணி நேரம் எங்களை வாசலில் நிறுத்தியவர்கள்.

இருபது நாள் கழித்து போட்டோக்காரர் கல்யாண சிடியைக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அண்ணன் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிவைத்திருந்தார். வெள்ளிக்கிழமை, வீட்டு ஆள்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து, பெட்டிக்குக் குங்குமம் வைத்துப் போட்டிருக்கிறார்கள்.

படம் தலைகீழாக வந்திருக்கிறது.

மணமேடை மேலே, ஆள்கள் எல்லாம் தலை தொங்க. தாலி கட்டும்போது குத்துவிளக்கின் சுடர் கீழ்நோக்கி எரிந்ததாம். இதெல்லாம் என் மகள் சொன்னது. "நிறுத்துலே அதை!" என்று மாமியார் எழுந்துவிட்டார்களாம். கம்ப்யூட்டர் கோளாறு என்று அண்ணன்காரர் சொல்லியிருக்கிறார். உடனே வேறு சினிமாப் படம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது நேராக ஓடியது. இன்னொன்று போட்டார்கள், அதுவும் நேராக ஓடியது. மறுபடி கல்யாணத்தைப் போட்டார்கள், தலைகீழ். எல்லாம் நேராக ஓடும்போது இது மட்டும் கவிழ்ந்தால் என்ன அர்த்தம்? குறி கேட்கப் போனார்கள். ஆண் உயிருக்கு ஆகாது என்று வந்துவிட்டது.

ஆடிக்கு அழைத்துவந்தேன். ஆடிக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவது வழக்கம்தானே, அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆவணி பிறந்தது, கூப்பிட வரவில்லை. புரட்டாசியும் போனது. "எங்கம்மா சொல்லை என்னால மீற முடியலை அத்தை. எனக்கு ஒண்ணு ஆயிருமோன்னு பயப்படுது" என்று மாப்பிள்ளை போனில் மெல்லமாகச் சொன்னார். அக்கம்பக்கம் கேட்கத் தொடங்கியது. என் மகள் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மாதான் கண்டுபிடித்தது.

"அக்கா, ஒரே எடத்தை மூணுதரம் தொடைக்கீக. என்ன?"

சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"படந்தான் தலைகீழா? சத்தம் சரியா வந்துச்சா?"

"மேளம் நல்லாக் கேட்டுச்சாம்."

"அந்தப் பெட்டியில யாரோ பேக்கு போட்டுவிட்டுருக்கான்க்கா. ரெண்டு கோடெக்கு சண்டை போட்டா அப்பிடித்தான் கவுத்திவிடும்." சிரிக்க வந்ததுபோல் இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. "இதுக்காக்கா புள்ளைய அனுப்பிட்டாக?"

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பரளச்சிக்கு பஸ் ஏறியது.

சம்பந்தியம்மா தண்ணீர் கொடுத்தார்கள். முகம் கொடுக்கவில்லை.

"பாய் வீட்டம்மாவைக் கூட்டியாந்திருக்கீகளே மதினி, இது மிசினு சமாச்சாரமா? சாமி சமாச்சாரம்."

அந்த அம்மாதான் பேசியது. "மிசினை மட்டும் பாத்துட்டுப் போயிருதேம்மா."

சிடியைப் பரணில் பழைய பாத்திரங்களுக்குள் போட்டுவைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். போட்டதும் கவிழ்ந்துதான் வந்தது. சம்பந்தியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த அம்மா படத்தை நிறுத்திவிட்டு, அந்தச் சின்னக் கட்டத்தைத் திறந்து தாளில் எழுதியது.

"இந்த மடிப்புல எதைப் போட்டாலும் இந்தப் பெட்டியில கவுந்துதாம்மா வரும். நீங்க பாத்த சினிமா எல்லாம் வேற மடிப்பு, அதான் நேரா வருது."

"அப்பிடின்னு நீங்க சொல்றீக. எங்க, இதே மடிப்புல வேறொண்ணைப் போட்டுக் காட்டுங்க. அதுவும் கவுந்து வந்துச்சுன்னா நான் நம்புதேன்."

அந்த அம்மாவிடம் வேறொருவர் படம் எப்படி இருக்கும்? எல்லாவற்றையும்தான் அழித்துவிடுமே. பைக்குள் கையை விட்டது. வெறுங்கையாக எடுத்தது. மறுபடி விட்டு, சாவிக்கொத்தை எடுத்து, அந்தக் கறுப்புப் பென்டிரைவைக் கழற்றிச் செருகியது.

ஒரு அறை வந்தது, தலைகீழாக. இரும்புக் கட்டில் மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. கைலியும் பனியனுமாக ஒரு ஆள், தலை கீழே தொங்கச் சிரித்தார். பேச்சு மட்டும் நேராக வந்தது. "கேக்குதா? இதுதான் எங்க ரூமு. இந்தா, அடுப்பு. இதுலதான் ஆக்குறோம். உப்புப் போட மறந்துட்டு தெனம் சண்டை. நீ வந்தா இவனுகளுக்கு…" யாரோ பக்கத்தில் சிரிப்பது கேட்டது.

சம்பந்தியம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். "அட, இதுவும் கவுந்துதான் வருது! யாரும்மா இது?"

"எங்க வீட்டுக்காரக."

"இப்ப எங்க இருக்காக?"

ஆண் உயிருக்கு ஆகாது என்று நம்புகிறவர்களிடம், தலைகீழாக வந்த இந்த மனுசர் செத்துப்போனவர் என்று சொன்னால் முடிந்தது. என் மகள் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியாது. இது அந்த அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. என் பக்கம் ஒருதரம் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். வேண்டாம், நெசத்தையே சொல்லிருங்க என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சவுதியில."

"சொகமா இருக்காகளா?"

"சொகமா இருக்காக."

"எப்ப வருவாக?"

"பெருநாளைக்கு வருவாக."

சம்பந்தியம்மா மூச்சை விட்டு உட்கார்ந்தார்கள். "அப்ப மிசினுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்கள்.

பேக்கை எடுத்துவிட்டு, பெட்டியை அணைத்துப் போட்டு, அந்த ஒன்றை மட்டும் ஏற்றியது அந்த அம்மா. கல்யாணத்தைப் போட்டது. மணமேடை தரையில் நின்றது. விளக்கு மேல்நோக்கி எரிந்தது. மாப்பிள்ளை தாலி கட்ட, என் மகள் தலையைக் குனிந்தாள். சம்பந்தியம்மா இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"ஒங்க வீட்டுக்காரரையும் போடுங்க, நேரா வாராகளான்னு பாப்போம்."

போட்டது. அவர் நேராக நின்று அடுப்பைக் காட்டினார், உப்பைப்பற்றிச் சொன்னார். நெற்றி அகலம், பல் கொஞ்சம் எடுப்பு. கூடத்தில் எட்டுப் பேர் பார்த்தோம். அந்த அம்மா வாசலுக்குப் போகவில்லை. மவுசில் வைத்த கையை எடுக்காமல் கடைசிவரை பார்த்தது.

"லச்சணமா இருக்காரு" என்றார்கள் சம்பந்தியம்மா. "நாளைக்கே எம் மகனை அனுப்புதேன் மதினி, புள்ளையக் கூட்டியார."

பஸ் ஏறினோம். வெளியே கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பிடிக்கவில்லை. என் கை எப்போதும் அப்படித்தான், போகாது. திருச்சுழி தாண்டின பிறகு அந்த அம்மா சொன்னது:

"பெருநாளைக்கின்னு சொல்லியிருக்கக் கூடாதுக்கா. இன்னும் மூணு வாரந்தான் இருக்கு."

கொஞ்சம் கழித்து, "அவுக கேட்டா நீங்களே ஏதாச்சும் சொல்லிக்கங்க. என்னால இன்னொருதரம் முடியாது" என்றது.

கேட்டார்கள். பெருநாள் முடிந்த மாசமே கேட்டார்கள். "வந்தாக மதினி, பத்து நாள் இருந்துட்டுப் போயிட்டாக" என்றேன். நான் சொன்ன முதல் பெரிய பொய் அது.

பிறகு கைபேசி வந்தது. எந்தப் படமானாலும் விரல் பட்டால் ஓடுகிறது, மடிப்பைப்பற்றி யாருக்கும் கவலையில்லை. அந்த அம்மா கடையைக் காலி செய்துவிட்டு, திருப்பூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டது. போகும்போது சொல்லிக்கொண்டுதான் போனது. அன்றைக்கும் நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது எங்கே இருக்கிறதோ, எப்படி இருக்கிறதோ தெரியாது.

என் மகளுக்கு இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளை நன்றாக இருக்கிறார். சம்பந்தியம்மாவுக்கு இடுப்பு ஒடிந்து படுக்கையாகிவிட்டது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் மற்றது எது மறந்தாலும் இதை மறக்காமல் கேட்பார்கள்: "அந்த பாய் வீட்டம்மா வீட்டுக்காரரு வந்தாகளா?" நானும் சொல்லிக்கொண்டே வருகிறேன். ஒரு வருசம் தலை நரைத்துவிட்டது என்றேன். ஒரு வருசம் சீனி வியாதி வந்துவிட்டதாம் என்றேன். முகம் தெரிந்த மனுசர் என்பதால் அவர்களுக்கும் கேட்கக் கேட்க அக்கறை.

போன மாசம் போயிருந்தேன். எனக்கும் முடியவில்லை. படி ஏறியதில் மூச்சு வாங்கியது. கட்டில் ஓரமாக உட்கார்ந்ததும் கேட்டார்கள்.

"இந்த வருசம் வரலையாம் மதினி. லீவு கெடைக்கலையாம்" என்றேன்.

"இந்த வயசுலயும் மொதலாளி விடமாட்டேங்கறானா? பாவம், அந்தம்மா எத்தனை வருசந்தான் தனியாக் கெடக்கும்" என்றார்கள்.

"ஆமா மதினி" என்றேன்.